பெரிய கிராணியின் வீட்டில் என் ஞாயிற்றுக்கிழமைகள்

பெரிய கிராணி கப்பலேறிப் போன பிறகுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

நான் அப்போது கோலாலம்பூரில் ரயில்வே சரக்கு ஆபீசில் வேலை பார்த்தேன். குமாஸ்தாவை அந்த ஊரில் கிராணி என்பார்கள். எனக்கு மேலே இருந்த பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். உத்தியோகக் காலம் முழுவதும் குவார்ட்டர்ஸிலேயே குடியிருந்துகொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அவர் ஓய்வு பெறும் சமயத்தில் ஊரில் அவர் மனைவி படுத்த படுக்கையாகிவிட்டார். ரப்பர் விலை விழுந்து, எல்லா இடத்திலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் இருந்த குடித்தனக்காரருக்கும் வேலை போய், காலி செய்துகொண்டு கிளம்பிவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது.

கடைசி நாள் மேஜையை ஒழித்துக் கொடுத்த பிறகு பெரிய கிராணி சாவியை என் பக்கம் நகர்த்தினார்.

“தம்பி, வீடு மழையிலை நனைஞ்சு பழுதாப் போச்சு. அதைத் திருத்தி, ஒரு நல்ல குடும்பமாப் பாத்துக் குடுத்துவிடும். செலவுக்கு வேண்டியதை விட்டிட்டுப் போறன்.”

“எனக்கு வீட்டு வேலை ஒண்ணும் தெரியாதுங்களே ஐயா.”

“தெரிஞ்ச ஆக்களுக்கு நேரமில்லை. உமக்கெண்டால் பெண்சாதி, பிள்ளை எண்டு ஒரு கரைச்சலும் இல்லைத்தானே. அதாலைதான் உம்மைக் கேக்கிறன்.”

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒருவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், ஒருவனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதைப் போல, என்னிடம் இருந்த ஒரு வசதியைச் சொன்னார். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் தங்கியிருந்தது ரயில்பாதையை ஒட்டிய ஒரு மெஸ். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி. என்னைப் போன்ற கிராணிகள்தான் எல்லோரும். அவர்கள் பேச்சு எப்போதும் ஊரைப் பற்றியே இருக்கும். தங்கைக்கு வரன், தம்பிக்குப் படிப்பு, வயலில் தண்ணீர். எனக்கு அந்தப் பேச்சில் போட ஒன்றுமில்லை. நான் வந்த மறுவருஷமே அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அண்ணன் ஒருவன் இருந்தான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. அவன் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் சீட்டாடும்போது நான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர்கள் ஜெயிப்பதையும் தோற்பதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு ஆள் குறைந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

வீட்டை முதல்முதலாகத் திறந்தபோது பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. இடுப்பளவுக்குச் செங்கல் சுவர், அதற்கு மேலே பலகை, ஓட்டுக் கூரை. கூடம் ஒன்று, அறை இரண்டு, பின்னால் சமையல்கட்டு. சுவரெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது. ஜன்னல் கதவு ஒன்று ஒற்றைக் கீலில் தொங்கியது. நடுக் கூடத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்த வட்டம். போனவர்கள் வீட்டைப் பெருக்கிச் சுத்தமாக விட்டுத்தான் போயிருந்தார்கள். சமையல்கட்டு மூலையில் ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரம் மட்டும் இருந்தது.

பாசார் என்கிற சந்தைப் பக்கம் விசாரித்து ஒரு சீன ஆசாரியைப் பிடித்தேன். ஒல்லியான மனிதர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். எங்களுக்குள் பேச்சு பாசார் மலாயில்தான். அது அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார், “பெசோக்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெசோக் என்றால் நாளை. அடுத்த நாள் ஞாயிறு. காலையிலேயே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆசாரி வரவில்லை. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கூரை எங்கெங்கே ஒழுகுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தகரத்தை எடுத்து ஓர் ஒழுக்கலுக்குக் கீழே வைத்தேன். மற்ற இடங்களில் கரிக்கட்டியால் தரையில் குறி போட்டேன். மழை விட்டதும் பூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தேன்.

ஆசாரி மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று பகல் முழுக்க நான் ஓர் இடத்தில் காரணத்தோடு இருந்திருக்கிறேன் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த வாரம் மெஸ்ஸிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பெசோக் என்பதற்கு இன்றைக்கு இல்லை என்று மட்டுமே அர்த்தம் என்பது எனக்குப் பழகிப்போயிற்று. ஆனால் வந்துவிட்டால் ஆசாரி பொழுது சாயும் வரை வேலை செய்வார். ஆபீஸ் விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். ஓடுகளை இறக்கி அடுக்குவோம். உடைந்ததைத் தள்ளி, நல்லதைத் தேய்த்துக் கழுவுவேன். அவர் என்னைக் ‘கிராணி’ என்று கூப்பிடுவார், நான் அவரைத் ‘தவுக்கே’ என்பேன். முதலாளியைக் கூப்பிடுகிற வார்த்தை அது. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவர் வேலைக்கு செந்தூலிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் ரயில்வே பட்டறையில் கூலியாக இருந்து ஆள் குறைப்பில் வெளியே வந்தவர். அதிகம் பேசமாட்டார். அந்த அம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய சுண்ணாம்பைச் சுரண்டியபடியே கேள்வி கேட்பாள்.

“ஐயா, அம்மா எப்பங்க கப்பல் ஏறுறாங்க?”

“எந்த அம்மா?”

“இந்த வீட்டுக்கு வரப்போற அம்மாதான்.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா. இது எங்க பெரிய கிராணியோட வீடு. வாடகைக்கு விடப் போறோம்.”

அவள் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். “வாடகைக்கு விடுற வீட்டுக்கு யாருங்க ஞாயித்துக்கெழம பூராவும் நாக்காலி போட்டு ஒக்காந்திருப்பாங்க? ஓடு கழுவுற கிராணிய நான் பாத்ததே இல்ல.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“சரிங்க. சொல்ல வேணான்னா நான் கேக்கல.”

கேட்காமல் இருக்கவில்லை. அடுத்த நாள் பொண்ணு எந்த ஊர் என்று கேட்டாள். நான் மறுபடியும் இல்லை என்றேன். வெட்கப்படுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கும் ஆசாரிக்கும் பொதுவாக மலாயில் நாலைந்து வார்த்தைதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே ஆசாரியிடமும் சேதியைச் சொல்லிவிட்டாள். அவர் கூரை மேலிருந்து என்னைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் மலாய் போதவில்லை.

கூடத்து உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தது கூரையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஆசாரி அதில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. புது உத்தரம் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, அதைத் தூக்கி வைக்க வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூரை திறந்து கிடந்தது. இன்றைக்கு வைக்காவிட்டால் சுரண்டித் துடைத்த சுவரெல்லாம் மறுபடி நனையும்.

ஆசாரி எங்களைப் பார்த்தார். செந்தூல்காரர் சொல்லாமலே துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டார். நான் சட்டையைக் கழற்றி ஜன்னலில் போட்டேன்.

“ஐயாவுக்குப் பழக்கமில்லீங்களே,” என்றாள் அந்த அம்மாள்.

“நீங்க அந்தப் பக்கம் முட்டுக் குடுங்கம்மா. நான் தூக்குறேன்.”

ஒரு முனையை ஆசாரியும் செந்தூல்காரரும் சாரத்தில் ஏற்றினார்கள். மறு முனை என் தோளில். அவள் ஒரு கம்பை வைத்துக் கீழேயிருந்து தாங்கினாள். “சத்து, டுவா, தீகா” என்று ஆசாரி மேலிருந்து எண்ணினார். தீகாவில் எல்லோரும் சேர்ந்து உந்தினோம். உத்தரம் பாதியில் நின்றது. நான் விட்டால் அவள் மேல் விழும் என்பது மட்டும் தலைக்குள் இருந்தது. செந்தூல்காரர் குதித்திறங்கி என் பின்னால் வந்து நின்று, தன் தோளையும் கொடுத்தார். அவர் மூச்சு என் காதோரம் பட்டது. “விட்றாதீங்க. நான் இருக்கேன்,” என்றார். அவர் அத்தனை வார்த்தை பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்த எண்ணிக்கையில் உத்தரம் மேலே போய் உட்கார்ந்தது.

மழைக்கு முன்னால் பாதிக் கூரைக்கு ஓடும், மீதிக்குத் தார்ப்பாயும் போட்டுவிட்டோம். பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர்கள் கொண்டுவந்த சோறும் கருவாடும், நான் வாங்கி வந்த ரொட்டி. ஆசாரி தன் கிண்ணத்திலிருந்து உப்பு முட்டையை வெட்டி எல்லோருக்கும் ஒரு துண்டு வைத்தார். மழைச் சத்தத்தில் பேசவும் முடியவில்லை. என் தோள் தோல் உரிந்து எரிந்தது. அந்த எரிச்சல் போன பிறகும் ஆபீசில் அவ்வப்போது அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பழைய உத்தரத்தின் ஒரு முனை மட்டும் கரையான் தொடாமல் நன்றாக இருந்தது. ஆசாரி அதை அறுத்து இழைத்து இரண்டு மணை செய்தார். தமிழர் வீடுகளில் பார்த்திருக்கிறார் போலும். நாலு பக்கமும் சின்னதாகக் கால் வைத்து, உட்காருவதற்கு வழவழவென்று தேய்த்திருந்தார். நான் கேட்டுச் செய்ததல்ல. ஒன்றை என் முன்னால் வைத்தார். “ஒன்று கிராணிக்கு,” என்று மலாயில் சொன்னார். மற்றதை அதன் பக்கத்தில் தள்ளி வைத்து, “இது பினிக்கு,” என்றார். பினி என்றால் மனைவி. கூலி கொடுக்கப் போனேன், கையை மடக்கிவிட்டார்.

சுவருக்கு முதல் பூச்சு காய்ந்த சாயங்காலம் நான் மட்டும் உள்ளே இருந்தேன். அந்த அம்மாள் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்திருந்தாள். வெள்ளை கண்ணைக் கூசும், வரப்போகிற அம்மாவுக்கு ஆகாது என்பது அவள் சொன்ன காரணம். பின்னறை மாலை வெளிச்சத்தில் ஆற்று மணல் மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. இந்த வீட்டை நானே எடுத்துக்கொண்டால் என்ன என்று அப்போது தோன்றியது. தோன்றிய எண்ணம் உடனே போகவில்லை. கட்டில் எங்கே போடுவது, எந்த ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கு ஒரு வீடு இருந்தால் அண்ணனுக்கு எழுதலாம், அவன் பெண் பார்க்கலாம் என்று நினைப்பு எங்கேயோ போய்விட்டது.

மெஸ் சமையற்காரரிடம், “வெளியில வீடு எடுத்துக்கிட்டா எனக்கு அங்கேயே சாப்பாடு அனுப்புவீங்களா?” என்று கேட்டேன்.

“அனுப்பறது என்னங்க, ஆகும்லா. ஆனா ஒத்த ஆளுக்கு எதுக்குங்க ஒரு வீடு? வெளக்கேத்த ஆள் வேணாமா?”

அவர் சொன்னது மனதில் பட்டது. இருந்தாலும் பெரிய கிராணிக்கு எழுதிக் கேட்டுவிடுவது என்றுதான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்து நின்றது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர் கோலாலம்பூருக்கு மாற்றலாகி வருகிறார். கோப்பிக்கடையில் யாரோ சொல்லி, காலை ரயிலைப் பிடித்து மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு நேரே வந்துவிட்டார். கர்ப்பமாயிருந்த அவர் மனைவிக்கு மாசமும் ஏறியிருந்தது.

“வீடு காலியா இருக்கு, வாடகைக்கு விடறாங்கன்னு சொன்னாங்க. நீங்கதானே பாத்துக்கறது?” என்று அவர் கேட்டார்.

வேறு ஆள் பேசியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது நாக்கு வரை வந்தது. அதற்குள் அவர் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். சின்னக் குழந்தை வெயிலில் நடந்து வந்த களைப்பில் கூடத்துச் சிமிட்டித் தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டது. பெரியது ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்தது. நான் ஞாயிறு ஞாயிறாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த இடத்தை அவர்கள் வந்த கொஞ்ச நேரத்திலேயே நிறைத்துவிட்டார்கள்.

“காலியாத்தான் இருக்கு,” என்றேன்.

சமையல்கட்டிலிருந்து டிரெஸ்ஸரின் மனைவி வந்தாள். “அடுப்பு மேடை கொஞ்சம் ஒசரங்க. ஒரு செங்கல் வரிசை எறக்கிக் குடுத்தா நல்லாருக்கும். லோங்காங்கும் அடைச்சிருக்கு, கழுவற தண்ணி போகாது.” லோங்காங் என்பது வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை. அத்தனை வாரம் அந்த வீட்டில் கிடந்தும் எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

“செஞ்சுடறேங்க.”

“இந்த மணை ரெண்டும் வீட்டோட சேந்ததா?”

“ஆமா. ஆசாரி செஞ்சு வச்சது.”

“நல்லா இருக்கு. பிள்ளைங்களுக்கு ஆகும்.” பிறகு, கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். “உங்க குடும்பம் ஊர்லயா?”

“நான் மெஸ்ல இருக்கேங்க. தனியாத்தான்.”

அவர்கள் போன பிறகு பெரிய குழந்தை திறந்துவிட்ட ஜன்னல்களைச் சாத்தினேன். செந்தூல்காரர் சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

“அப்ப நெசமாவே ஐயாவுக்கு இல்லீங்களா.”

“ஆமாம்மா. சொன்னேனே.”

“சொன்னீங்க. எனக்குத்தான் மனசு ஒத்துக்கல.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கிளம்பும்போது, கொண்டுவந்த தூக்கில் மீதமிருந்த கஞ்சியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். மெஸ்ஸில் சாப்பாடு இருக்கிறது என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

மேடையை இறக்கினோம். லோங்காங்கைத் தோண்டி விட்டோம். கடைசிப் பூச்சும் முடிந்தது. கூலி வாங்கிக்கொண்ட நாளில்தான் செந்தூல்காரர் சொன்னார். வேலையில்லாதவர்களை ஊருக்கு அனுப்பும் கப்பலுக்கு அவர்கள் பேர் கொடுத்திருந்தார்கள். அடுத்த கப்பலில் இடம் வந்துவிட்டது.

“ஊர்ல யாரு இருக்காங்க?” என்று கேட்டேன்.

“யாரும் பெருசா இல்லீங்க. இங்க வேல இல்ல, அதான்,” என்றார்.

அவள் என்னைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். இருவரும் வீட்டுக்கு முன்னால் ஓடும் சடக்கில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள், அவள் முன்னால், வாளியோடு அவர் பின்னால். ஆசாரி தன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, எதற்கும் சொல்வது போல, “பெசோக்” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வேலை இருந்தால் கூப்பிடு என்று அர்த்தம். எனக்கு அவரைக் கூப்பிட வேறு வேலை எப்போதும் வரவில்லை.

டிரெஸ்ஸர் குடும்பம் மாதப் பிறப்பில் குடி வந்தது. லோரியிலிருந்து சாமான்களை நானும் ஒரு கை கொடுத்து இறக்கினேன். சாவியைக் கொடுத்தேன். அவர் மனைவி கோப்பி கொடுத்தாள். கூடத்தில் பாயும் மூட்டையுமாக இருந்ததால் வாசல் பக்கம் நின்றே குடித்தேன். வாடகையை மாதா மாதம் போய் வாங்க வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். அவர் நேரே யாழ்ப்பாணத்துக்கே அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டார். பெரிய கிராணி அதற்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினார். தன் மனைவி இறந்துபோன சேதியும் அதில்தான் இருந்தது.

மெஸ்ஸில், “வீட்டு வேல முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்கள்.

“முடிஞ்சிருச்சு,” என்றேன். சீட்டாடுகிறவர்கள் மறுபடி சீட்டின் மேல் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துச் சட்டை மாட்டி வாசல் வரை வந்த பிறகுதான், எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே போய்ச் சட்டையைக் கழற்ற மனமில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில்வே பாஸ் இருந்ததால் எந்த ரயிலிலும் ஏறலாம். கிள்ளான் ரயில் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். கிள்ளானில் எனக்கு ஒருவரையும் தெரியாது. இறங்கி ஆற்றங்கரை வரை போனேன். பாலத்தில் நின்று படகுகள் போவதைப் பார்த்தேன். வெயில் ஏறியதும் ஒரு தமிழர் கடையில் நுழைந்து தோசை சாப்பிட்டேன்.

கடைக்காரர் இலையை எடுக்க வந்தபோது, “அண்ணே இந்தப் பக்கம் பாத்ததில்லயே. யாரப் பாக்க வந்தீங்க?” என்று கேட்டார்.

“யாரையும் இல்ல. சும்மா வந்தேன்.”

அவர் மேஜையைத் துடைத்துவிட்டு, “ரயிலுக்கு நேரம் இருக்கு. ஒக்காருங்க,” என்றார்.

அந்த வருஷம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிள்ளான் போய்வந்தேன். நாலைந்து வாரத்தில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். நான் போய் உட்கார்ந்ததும் கோப்பி வந்துவிடும்.